வந்தோரும் போனோரும்: புத்தளம் கரையோரத்தில் குடிப்பெயர்வும் அதன் மீதான கட்டுப்பாடும்

இலங்கையின் வடமேற்கில், வடக்கே குதிரைமலை முனையிலிருந்து தெற்கே மகா ஓயாவின் கழிமுகம் வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரம், ஒரு நாட்டுக்குள் யார் வரலாம், யார் அங்கிருந்து வெளியேறலாம், அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்ற நெடிய வழக்கில் ஏறக்குறைய எல்லாத் தரப்பிலும் நின்று பார்த்த நிலப்பகுதியாகும். தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி வந்தவர்கள் குடியேறிய கரையும் அதுவே. பின்னர் அதே வழியில் வந்தவர்களைப் பிடித்துத் திருப்பியனுப்பப் படையினர் காவல் நின்ற கரையும் அதுவே. சொந்த நாட்டுக்குள் துரத்தப்பட்டவர்களுக்கு அது அடைக்கலம் தந்தது. தன் பிள்ளைகளை இத்தாலிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் படகேற்றியும் அனுப்பியது. குடிவரவுக் கட்டுப்பாடு பற்றிய இன்றைய விவாதம் பெரும்பாலும் செல்வந்த நாடுகளின் எல்லைகளை முன்வைத்தே நடைபெறுகிறது. அவ்விவாதத்தில் இரு அணியினரும் பேசத் தவறுகின்ற ஒன்றை, அதாவது ஒரு கட்டுப்பாடு மனிதத் தன்மை உடையதா இல்லையா என்பதைப் போன வழியே திரும்பி வரவும் வந்த வழியே திரும்பிப் போகவும் அது இடம் விடுகிறதா என்பதைக் கொண்டே பெரிதும் அளக்கலாம் என்பதை, இக்கரையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

விஜயன் தன் தோழர்களோடு வந்திறங்கியதாக மகாவம்சம் சொல்லும் தம்பபண்ணி இக்கரையோரத்திலேயே இருந்தது என்பது நெடுங்கால மரபு. அதை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள முடியாவிட்டாலும், ஒரு நாடு தன் தோற்றக் கதையையே வெளியிலிருந்து படகில் வந்தவர்களைக் கொண்டு தொடங்குகிறது என்பது கருதத்தக்கது; கற்பிட்டியில் இன்று கடற்காவல் புரியும் கடற்படைத் தளமும் விஜயனின் பெயரையே தாங்கியிருக்கிறது. எழுத்துச் சான்றோடு கிடைக்கும் வருகைகளுள் புகழ்பெற்றது, 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்டுக் காற்றால் திசைமாறிப் புத்தளத்தில் கரைசேர்ந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவினுடையது. அவர் பத்தாலா என்று குறிக்கும் அந்நகரில் அப்போது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி தங்கியிருந்தார். அனுமதியின்றிக் கரைக்கு வந்த அந்நியரை அவர் விசாரித்து, விருந்தினராக ஏற்று, சிவனொளிபாத மலைக்குச் சென்றுவர யோகிகளையும் பிராமணர்களையும் சுமைதூக்குவோரையும் துணையாக அனுப்பினார். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கரையில் குவிந்து கிடந்த கறுவா மரங்களை மஃபர், மலபார்க் கரைகளைச் சேர்ந்தவர்கள் விலையின்றி எடுத்துச் சென்றதாகவும், அதற்கீடாக மன்னருக்குத் துணிகளைக் காணிக்கையாகக் கொடுத்ததாகவும் அப்பயணி எழுதியிருக்கிறார். மஃபர் என்பது அரபு நூல்களில் சோழமண்டலக் கரைக்கு வழங்கிய பெயர். நுழைவுக்கு அன்றும் ஒழுங்கு இருந்தது என்பதும், அந்த ஒழுங்கு கரையில் நேருக்கு நேர் பேசி முடிக்கப்பட்டது என்பதும் இக்குறிப்புகளால் விளங்குகின்றன.

இவ்வாறு வந்தவர்களுள் ஒரு பகுதியினர் திரும்பிப் போகாமல் தங்கினர். புத்தளத்து முக்குவர், சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையிலுள்ள கரையார், வணிகம் வழியாகக் காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களோடு உறவு பேணிய சோனகர் எனக் கரையோரக் குடிகள் பலவற்றின் மரபுவழிக் கதைகள் பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் அப்பாலேயே தொடங்குகின்றன. முக்குவரிடமிருந்து புத்தளத்தை மீட்கக் காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து போர்வீரர் வரவழைக்கப்பட்டுப் பின்னர் இக்கரையிலேயே நிலம் பெற்றனர் என்று முக்கர ஹட்டன என்ற சிங்கள ஏடு கூறுகிறது. அவ்வாறு தமிழ்க் கரையிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் இன்று சிங்களம் பேசும் கத்தோலிக்கர்களாக இருப்பதும், சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பில் தமிழும் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும் நிலைத்திருப்பதும், வந்தவர் யார், இருந்தவர் யார் என்ற பிரிப்பு இக்கரையில் எவ்வளவு வலுவற்றது என்பதைக் காட்டுகின்றன. தென்னிந்தியாவிலிருந்து குடிபெயர்ந்த செட்டி குலத்தின் வழித்தோன்றலாக 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் இடவிளக்க அகராதியைத் தொகுத்து, 1838இல் சட்ட நிரூபண சபையில் அங்கம் பெற்று, 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்று நூலையும் வெளியிட்டார். அவருடைய முன்னோர் எந்த ஆண்டில் எந்தத் துறையில் இறங்கினர் என்று எவரும் அவரிடம் சான்று கேட்கவில்லை.

ஐரோப்பியர் வந்தபின்னரே நடமாட்டத்தின் மீது திட்டமிட்ட கட்டுப்பாடு தொடங்கியது. போர்த்துக்கேயர் தங்கள் அனுமதிச்சீட்டான கர்த்தாசு இல்லாத கப்பல்களைப் பறிமுதல் செய்தனர். 1626இல் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து சோனகர்களை வெளியேற்ற ஆணையிட்டபோது, அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் கற்பிட்டியில் கட்டிய கோட்டை, களப்பின் வாயிலில் அமர்ந்து, கண்டி அரசின் துறைமுகமாகிய புத்தளத்துக்குப் போகும் தோணிகளை மறிக்கும் நோக்கமுடையது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாகும் வரை இம்மறிப்பு நீடித்தது. அந்நியர் எனக் கருதப்பட்ட சோனகர் மீதும் செட்டிகள் மீதும் அவர்கள் ஊழியம் என்ற கடமையைச் சுமத்தினர். ஆண்டில் மூன்று மாதங்கள் கூலியின்றி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்பது அதன் விதி. மனிதர் வருவதை அவர்கள் முற்றாகத் தடுக்கவில்லை. வந்தவர்களுக்கு ஒரு விலை விதித்தனர். ஆங்கிலேயர் காலத்தில் அந்த விலை நீங்கியது, ஆனால் வேறொரு வகை நடமாட்டம் பெருகியது. கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டும் கங்காணிகள் இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து இலட்சக்கணக்கானோரை மன்னார் வழியாகவும் கொழும்பு வழியாகவும் கொண்டுவந்தனர். புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் முன்னோரோ, ஐரோப்பியரின் படைகளில் சேர்க்கப்பட்டுத் தம் விருப்பின்றி இங்கே கொண்டுவரப்பட்டவர்கள்.

அரசுகள் விதித்த இந்த ஒழுங்குகளுக்கு அடியில், கரையோர மீனவர்கள் தாமே வகுத்துக்கொண்ட வேறோர் ஒழுங்கு நெடுங்காலமாக நிலவியது; இன்றைய விவாதத்துக்கு அது சிறந்த பாடமாதலால் சற்று விரிவாகக் கூறத்தக்கது. சோளகக் காற்று எனப்படும் தென்மேல் பருவக்காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையான காலத்தில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிப்பதால், நீர்கொழும்பு, சிலாபம், உடப்பு ஆகிய இடங்களின் மீனவர்கள் முல்லைத்தீவு, கொக்கிளாய், நாயாறு, திருகோணமலை ஆகிய கிழக்குக் கரைகளுக்குக் குடும்பத்தோடும் வலையோடும் பெயர்வர். வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் கிழக்குக் கடல் கொந்தளிக்க, அவர்கள் ஊர் திரும்புவர். அப்போது கற்பிட்டிக் குடாநாட்டின் வெளிக்கரையும் பத்தலங்குண்டு போன்ற தீவுகளும் தெற்கிலிருந்து வரும் மீனவர்களால் நிறையும். பருவத்துக்கென ஓலையாலும் கம்பாலும் அமைக்கப்படும் இத்தற்காலிகக் குடியிருப்புக்கு வாடி என்று பெயர். படகும் வலையும் உடைய சம்மாட்டிமார், போகும் ஊரின் சம்மாட்டிமாரோடும் கோயில் அல்லது பள்ளி நிருவாகத்தோடும் முன்கூட்டியே பேசி, வாடி போடும் இடம், கரைவலை இழுக்கும் பாடு, விற்பனையில் உள்ளூராருக்குரிய பங்கு ஆகியவற்றை முடிவு செய்வர். பாடு என்பது ஒரு கரைவலைக்கு உரியதாக ஒதுக்கப்பட்ட கரைத்துண்டு. அதில் முறை தவறி வலை விரிப்பது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது.

இவ்வழக்கத்தில் எல்லை என்ற கருத்து இல்லாமற் போகவில்லை. எவரும் எங்கும் நினைத்தபடி இறங்கலாம் என்பதும் அங்கே விதியன்று. ஆனால் வருவோருக்கும் இருப்போருக்கும் இடையில் முகம் தெரிந்த பொறுப்பு இருந்தது. வந்தவர் திரும்பிப் போவார் என்ற நம்பிக்கையும், திரும்பிப் போனவர் அடுத்த பருவத்தில் மீண்டும் வரலாம் என்ற உறுதியும் இருந்தன. அந்த நம்பிக்கை குலைந்தபோது அவ்வொழுங்கும் குலைந்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் வாடிகளில் தங்கியிருந்த சிங்கள மீனவக் குடும்பத்தினர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். சுற்றுப்புறத் தமிழ்க் கிராமங்களின் மக்களும் அதே காலத்தில் படையினரால் விரட்டப்பட்டனர். உள்நாட்டுப் போர் முடிந்தபின் மேற்குக் கரை மீனவர்கள் மீண்டும் வந்தபோது, உள்ளூர்ச் சம்மாட்டிமாரின் இசைவைவிட அரச அனுமதிப் பத்திரமும் படையினரின் பாதுகாப்புமே அவர்களுக்கு ஆதாரமாயின. தங்கள் கரை தங்களைக் கேளாமலே பங்கிடப்படுகிறது என்று முல்லைத்தீவு மீனவர்கள் தொடர்ந்து போராடினர். 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிக்கப்பட்டன. வருவோரைக் கட்டுப்படுத்தக் கோருவது எப்போதும் வலியவரின் வெறுப்பிலிருந்தே பிறக்கிறது என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியை மறக்கக் கூடாது. வாழ்வாதாரம் சிறுத்த சமூகமும், தன்னைக் கேட்டுவிட்டு வரவேண்டும் என்று நியாயமாகவே கோரக்கூடும்.

கரையில் பேசித் தீர்க்கப்பட்ட இக்கேள்வி, 1930களில் கொழும்பின் சட்டசபைக்குச் சென்றபோது முற்றிலும் வேறு வடிவம் பெற்றது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்ததும் இந்தியத் தொழிலாளரின் வாக்கு எண்ணிக்கை மலையகத் தொகுதிகளின் முடிவை மாற்றிவிடும் என்ற அச்சம் பரவியது. பொருளாதார மந்தம் அதற்கு எரியூட்டியது. இந்தியரின் வருகையால் உள்நாட்டவரின் வேலை பறிபோகிறதா என்று ஆராய அமைக்கப்பட்ட சர் எட்வர்ட் ஜாக்சனின் ஆணைக்குழு, 1938இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியத் தொழிலாளரால் உள்நாட்டுத் தொழிலாளருக்குக் கேடு விளைந்ததற்குச் சான்றில்லை என்றும், நாட்டின் வளர்ச்சிக்கு அவர்களுடைய உழைப்பு உதவியிருக்கிறது என்றும் முடிவு கூறியது. அறிக்கை ஒருபுறம் இருக்க, அரசியல் வேறு வழியிற் சென்றது. 1939இல் அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட, இந்திய அரசு அவ்வாண்டு ஆகஸ்டு முதலாம் தேதியிலிருந்து இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. முதற் கதவை அடைத்தது இலங்கையன்று, இந்தியாவே என்பதைப் பலர் நினைவில் வைத்திருப்பதில்லை. அதன் விளைவு எதிர்பார்த்ததற்கு மாறாக அமைந்தது: ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்று அஞ்சிய தொழிலாளர்கள் போவதை நிறுத்தி, தோட்டங்களிலேயே நிலைத்தனர். அமெரிக்கா 1964இல் மெக்சிக்கோத் தொழிலாளருக்கான பிராசெரோ ஒப்பந்த முறையை நிறுத்திப் பின்னர் எல்லைக் காவலைப் பெருக்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. பருவத்துக்கு வந்து திரும்பியவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கினர் என்பதைச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசி நீண்ட ஆய்வுகளால் நிறுவியிருக்கிறார்.

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருப்பதை மட்டும் போதுமானதாகக் கொள்ளாமல், தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. பிறப்புப் பதிவு வேரூன்றாத காலத்தவரின் பிறப்பைப் பேரர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதலாம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்றே அதற்கான திணைக்களமும் தொடங்கப்பட்டது. அதுவரை தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி ரயிலில் கொழும்பு சென்ற ஒருவரிடம் கேட்கப்படாத கடவுச்சீட்டும் விசாவும் அதன்பின் கட்டாயமாயின. இவ்விரு சட்டங்களும் பிறந்த 1948ஆம் ஆண்டின் டிசம்பரில்தான், எவரும் தம் நாடு உட்பட எந்த நாட்டிலிருந்தும் வெளியேறவும் தம் நாட்டுக்குத் திரும்பவும் உரிமையுடையவர் என்று ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனம் தன் 13ஆம் உறுப்புரையில் அறிவித்தது. பிற நாட்டுக்குள் நுழையும் உரிமையை அது அறிவிக்கவில்லை. தம் நாடு எதுவென்றே சட்டத்தால் மறுக்கப்பட்டவருக்கு அந்த உறுப்புரையால் என்ன பயன் என்ற கேள்விக்கும் அந்த உறுப்புரையில் விடையில்லை.

சட்டம் வந்தும் தோணிகள் நிற்கவில்லை. இராமநாதபுரக் கரையிலிருந்து இரவில் புறப்பட்டு மன்னார், கற்பிட்டிக் கரைகளில் ஆட்களை இறக்கிச் செல்வது ஒரு தொழிலாக வளர்ந்தது. அவ்வாறு வந்தவர்களைக் கள்ளத்தோணி என்று அழைத்த வழக்கம், காலப்போக்கில் நான்கு தலைமுறையாகத் தேயிலை கொய்தவர்களையும் இழிவுபடுத்தும் வசையாக விரிந்தது. 1952இல் அரசு ஒப்பரேசன் மொன்ரி என்ற பெயரில் இராணுவத்தைக் கரையோரக் காவலில் ஈடுபடுத்தியது. அது 1963இல் சட்டவிரோதக் குடிவரவைத் தடுக்கும் தனிச் செயலணியாக விரிவாக்கப்பட்டு 1981 வரை இயங்கியது. இலங்கை இராணுவத்தின் முதல் நீண்டகாலப் பணி போர் அன்று, படகில் வரும் ஏழைகளைப் பிடிப்பதே என்பது அதன் வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தியாகும். 1954 ஜனவரியில் இந்தியப் பிரதமர் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கை இன்னும் ஒரு படி சென்றது. வாக்காளர் இடாப்பில் இல்லாத வயதுவந்தோர் அனைவரையும் பதிவு செய்வது என்றும், அப்பதிவு முடிந்தபின் பதியப்படாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாக இருந்தால் அவர் சட்டவிரோதமாக வந்தவர் எனக் கருதப்படுவார் என்றும், நாடுகடத்தப்படத்தக்கவர் என்றும் இரு பிரதமர்களும் ஒப்புக்கொண்டனர்.

இந்த வாசகத்தின் பொருளைப் புத்தளம் கரையில் நின்று பார்த்தால்தான் அதன் கொடுமை முழுவதும் தெரியும். கற்பிட்டிச் சோனகரின் தாய்மொழி தமிழ். உடப்பு மீனவரின் தாய்மொழி தமிழ். அக்காலத்தில் சிலாபத்தைச் சூழ்ந்த கத்தோலிக்கக் கிராமங்கள் பலவற்றின் முதியோரும் தமிழே பேசினர். பருவந்தோறும் இடம்பெயரும் மீனவக் குடும்பம் வாக்காளர் இடாப்பிலிருந்து விடுபட்டுப் போவது எளிது. அத்தகைய ஒருவர் தன் வாய்மொழியாலேயே சந்தேகத்துக்குரியவராகவும், குற்றமற்றவர் என்பதைத் தானே நிரூபிக்க வேண்டியவராகவும் ஆக்கப்படும் சூழலை இரு நாடுகளின் தலைவர்கள் மேசை முன் அமர்ந்து ஏற்றுக்கொண்டனர். குடிவரவுக் கட்டுப்பாடு வெளியிலிருந்து வருவோரை மட்டுமே தொடும் என்ற எண்ணம் தவறானது. வருபவரைப் பிரித்தறிய வேண்டுமானால் இருப்பவரையும் சோதிக்க வேண்டும். அச்சோதனை யாருடைய மொழி, யாருடைய தோற்றம், யாருடைய வறுமை வருபவரை ஒத்திருக்கிறதோ அவர் மீதே விழும்.

அரசியல் மெய்யியலில் இவ்வழக்கின் இரு துருவங்களாகக் கொள்ளப்படுவோர் அமெரிக்க அறிஞர் மைக்கேல் வால்சரும் கனடிய அறிஞர் ஜோசப் கேரன்சும் ஆவர். 1983இல் எழுதிய வால்சர், ஒரு சமூகம் தன் உறுப்பினரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்தால் அது சமூகமாகவே நிலைக்காது என்றார். பிறந்த இடம் என்ற தற்செயல் ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் தீர்மானிப்பது நிலப்பிரபுத்துவக் காலத்துப் பிறப்புரிமையை ஒத்தது, ஆகவே எல்லைகள் திறந்திருக்க வேண்டும் என்று 1987இல் கேரன்ஸ் வாதிட்டார். ஆனால் கட்டுப்பாட்டை ஆதரித்த வால்சரே, உழைப்புக்கென ஒரு நாடு உள்ளே அழைத்த மக்களுக்குப் பின்னர் குடியுரிமையை மறுப்பது கொடுங்கோன்மையின் ஒரு வடிவம் என்று உறுதியாகக் கூறியிருக்கிறார். அந்த அளவுகோலால் பார்த்தால் 1948இன் சட்டங்களைக் கட்டுப்பாட்டு அணியின் வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டும், ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் நாடற்றோரிற் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கும் இடையில் பங்கிட்டபோது, பங்கிடப்பட்டவர்களின் விருப்பம் கேட்கப்படவில்லை.

கடலில் இவ்வளவு காவல் நின்ற இக்கரைக்கு, 1990 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் சொந்த நாட்டின் இன்னொரு மாகாணத்திலிருந்து படகுகளில் வந்து இறங்கினர். விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர்; யாழ்ப்பாணத்தவருக்கு இரண்டு மணி நேரமே அவகாசம் அளிக்கப்பட்டது. வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். மன்னார்த் தீவினர் பலர் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்தனர். 1981இன் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மொத்த மக்கள் தொகை 5 லட்சத்தை எட்டவில்லை என்பதைக் கொண்டு பார்த்தால், அவ்வளவு பேரை ஏற்பது எத்தகைய சுமை என்பது புலப்படும். ஆயினும் கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரதேசங்களின் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். சமைத்த உணவு கொடுத்தனர். தென்னந்தோட்டங்களில் ஓலைக் கொட்டில் போட இடம் கொடுத்தனர். உலகின் செல்வந்த நாடுகள் சில ஆயிரம் பேரை ஏற்பதா என்று பாராளுமன்றங்களில் வாதிடும் இக்காலத்தில், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் ஒரு வறிய கரையோரம் செய்த இச்செயல் உரிய மதிப்போடு நினைக்கப்பட வேண்டும்.

ஆண்டுகள் நீண்டபோது உறவில் கீறல் விழுந்தது. வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் களப்பு மீன்பிடியிலும் கூலி குறைந்ததற்கும், பாடசாலையில் இடம் போதாததற்கும், பின்தங்கிய மாவட்டத்துக்கென ஒதுக்கப்பட்ட பல்கலைக்கழக இடங்களில் போட்டி ஏற்பட்டதற்கும் வந்தவர்களே காரணம் என்ற குறை எழுந்தது. வந்தவர்களும் ஊரவர்களும் ஒரே மொழி பேசி, ஒரே மதத்தைப் பின்பற்றி, ஒரே நாட்டின் குடியுரிமையைக் கொண்டிருந்தும், ஒரு தரப்பினர் அகதிகள் என்றும் மறு தரப்பினர் உள்ளூரார் என்றுமே இருபது ஆண்டுகளுக்கு மேல் அழைக்கப்பட்டனர். 2007இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் இடம்பெயர்ந்தோருடன் ஊரின் வறியோரும் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டது இக்கசப்பை உணர்ந்து செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு. போருக்குப் பின் வடக்கே திரும்பியவர்கள் தங்கள் காணிகளிற் காடு மண்டியிருக்கக் கண்டனர். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ திரும்ப மனமின்றி நின்றனர். வாக்கு மன்னாரிலா புத்தளத்திலா என்ற வினா, ஒவ்வொரு தேர்தலின்போதும் பேருந்துகளில் ஏறி நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் பயணித்து வாக்களிக்கும் நிலையை உண்டாக்கியது.

இதே காலத்தில் மாவட்டத்தின் தென்முனையிலிருந்து எதிர்த்திசைப் பயணம் ஒன்று நடைபெற்றது. வென்னப்புவ, மாரவில, நாத்தாண்டியா ஆகிய ஊர்களின் கத்தோலிக்கர், 1970களிலும் 1980களிலும் குருமாரும் கன்னியரும் ஏற்படுத்திய தொடர்புகளின் வழியே இத்தாலிக்கு வீட்டுப்பணிக்கும் முதியோர் பராமரிப்புக்கும் செல்லத் தொடங்கினர். ரோமிலும் மிலானிலும் நேப்பிள்சிலும் இலங்கையர் குடியிருப்புகள் வளர, வென்னப்புவவுக்குச் சிறிய இத்தாலி என்ற பெயர் நிலைத்தது. இன்று இத்தாலியில் ஏறத்தாழ ஒரு லட்சம் இலங்கையர் வாழ்கின்றனர். இவர்களிற் பலர் உரிய விசாவின்றியே நுழைந்தவர்கள் அல்லது தங்கியவர்கள். இத்தாலிய அரசு 1986, 1990, 1995, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில், ஆவணமற்றுத் தங்கி வேலை செய்வோருக்கு உரிமம் வழங்கும் பொது ஒழுங்குபடுத்தலை நடத்தியது. உரிமம் கிடைத்தவுடன் அவர்கள் செய்த முதற் காரியம் ஊருக்குப் போய்வருவதே. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வந்து, வீடு கட்டி, பெற்றோரைப் பார்த்து, மீண்டும் வேலைக்குத் திரும்பும் அவர்களுடைய போக்குவரவு, பழைய வாடிக்காலப் பெயர்வை நினைவூட்டுகிறது. உரிமம் கிடைக்காதவர்களோ, தாயின் சாவுக்கும் வர முடியாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே அடைபட்டனர். ஆவணம் அற்றவர் நாட்டை விட்டுப் போகட்டும் என்று இயற்றப்படும் விதி, அவரைப் போகவிடாமல் பிடித்து வைக்கும் விதியாகவே நடைமுறையில் மாறிவிடுகிறது.

இத்தாலிக்கான வழி இல்லாதவர்கள் அவுஸ்திரேலியாவை நோக்கினர். போர் முடிந்தபின், சிலாபம், உடப்பு, கற்பிட்டிக் கரைகளிலிருந்தும் அண்டையிலுள்ள நீர்கொழும்பிலிருந்தும் ஆழ்கடல் மீன்பிடிப் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்து சமுத்திரத்தைக் கடந்தன; 2012ஆம் ஆண்டில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட இலங்கையர் படகுகளில் அவுஸ்திரேலியாவை அடைந்தனர். போரின் வடு சுமந்த தமிழரும், மீன்வளம் குன்றிக் கடன் பெருகிய சிங்கள மீனவரும் ஒரே படகில் இருந்தனர். முன்னவர் அகதி என்றும் பின்னவர் பிழைப்புத் தேடி வந்தவர் என்றும் பிரித்து, பின்னவரை விரைவாகத் திருப்பியனுப்பும் நடைமுறையை அவுஸ்திரேலியா கொண்டுவந்தது. 2013 செப்டம்பரில் படகுகளைக் கடலிலேயே மறித்துத் திருப்பும் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துக் கப்பல்களும் நன்கொடையாக வழங்கப்பட்டன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மண்ணெண்ணெயும் கிடைக்காமற்போனபோது மேற்குக் கரைப் படகுகள் மீண்டும் புறப்பட்டன, மீண்டும் மறிக்கப்பட்டன.

1978இன் அரசியலமைப்பு, 14ஆம் உறுப்புரையில், நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வதியவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் அளிக்கிறது. இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தையும் அளிக்கிறது. வெளியேறும் சுதந்திரம் அதில் சொல்லப்படவில்லை. ஆகவே, நடுக்கடலில் மறிக்கப்பட்டு அல்லது விமானத்தில் ஏற்றப்பட்டுத் திரும்பி வந்த மீனவர், அங்கீகரிக்கப்பட்ட துறைமுகத்தின் வழியாக அன்றி வேறு வழியாக நாட்டை விட்டு வெளியேறிய குற்றத்துக்காக நீதவான் முன் நிறுத்தப்படுகிறார். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படுவது, இந்தியக் கரையிலிருந்து வருவோரை மனத்திற் கொண்டு 1948இல் இயற்றப்பட்டு 2006இல் கடுமையாக்கப்பட்ட அதே 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழேயாகும். ஐந்து ஆண்டு வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க அதில் இடமுண்டு. சாதாரணப் பயணிகளுக்குப் பெரும்பாலும் தண்டத்தோடு வழக்கு முடிகிறது. படகுக்கூலிக்காக ஈடு வைத்த காணியும் அடகு வைத்த நகையும் மீளாத நிலையில் அத்தண்டத்தைக் கட்ட மீண்டும் கடன் வாங்கும் குடும்பங்களிலிருந்தே அடுத்த படகுக்கும் ஆட்கள் சேர்கின்றனர்.